பழைய செயின்சா: கயிறு லேசாக இழுபடுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பிஸ்டன் வாங்கிவிடலாமா?

புதுக்கை

வணக்கம். எஞ்சின் வேலைக்கு நான் முழுப் புதுசு. சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவேன், தண்ணீர் மோட்டாருக்கு பேரிங் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான் அனுபவம்.

ஒரு பழைய செயின்சா கைக்கு வந்திருக்கிறது. மாடல் தகடு தேய்ந்துபோய் எதுவும் படிக்க முடியவில்லை. பார்த்தவர்கள் 60 சிசி இருக்கும் என்கிறார்கள். கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) மெக்னீசியம். செயின் பிரேக் கிடையாது. பொறிக்குப் பாயிண்ட் செட் (தொட்டு விலகும் இரண்டு உலோக முனை), எலக்ட்ரானிக் இல்லை. கொடுத்தவர் சொன்ன கதை: மரம் அறுத்துக்கொண்டிருக்கும்போது சத்தம் தானாக ஏறியதாம், திராட்டிலை (ஆக்சிலேட்டரை) விட்டும் இறங்கவில்லையாம், அப்புறம் பட்டென்று நின்றதாம். அதற்குப் பிறகு உயிர் வரவில்லை.

நான் பார்த்த வரைக்கும்: ஸ்டார்ட்டர் கயிறு இரண்டு விரலில் பிடித்தாலே வந்துவிடுகிறது. பிளக்கைக் கழற்றி சிலிண்டர் ஃபின்னில் தொட வைத்து இழுத்தால் நீலப் பொறி தெரிகிறது. பிளக் துளையில் கொஞ்சம் பெட்ரோல் விட்டால் இருமுகிறது, உடனே அடங்கிவிடுகிறது. கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கருவி) இரவல் வாங்கிப் பார்த்தேன், 80 பிஎஸ்ஐ.

80 என்றால் பிஸ்டன் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? ஆர்டர் போட்டுவிடலாமா?

நட்டுபோல்ட்டு

துளையில் பெட்ரோல் விட்டால் இருமுகிறது, தானாக ஓடவில்லை. அப்படியென்றால் பொறி இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிட் ஒன்று போடுங்கள். முதல் வேலையே பிஸ்டன் மாற்றுவது என்று இறங்கினால் கடைசியில் சாமான் டப்பாதான் மிஞ்சும்.

கரிப்புகை

நட்டுபோல்ட்டு சொல்வதில் பாதி சரி. பெட்ரோல் வராததும் ஒரு கோளாறாக இருக்கலாம். ஆனால் 80-ஐ அப்படியே விட்டுவிட்டுக் கார்பரேட்டரைக் கழுவினால் சுத்தமான கார்பரேட்டர் போட்ட செத்த எஞ்சின்தான் கிடைக்கும். இந்த அளவு செயின்சாவுக்கு 130, 150 என்று வர வேண்டும். 90-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே சந்தேகம்.

தம்பி, முதலில் கேஜை நம்பலாமா என்று பாருங்கள். காருக்கான கேஜில் நீள ஹோஸ் இருக்கும், ஒருவழி வால்வு கேஜ் பக்கம் இருக்கும். சின்ன சிலிண்டரில் அந்த ஹோஸுக்குள் இருக்கும் இடமும் எரி அறையோடு சேர்ந்துவிடும், அதனால் ரீடிங் குறைத்துக் காட்டும். வால்வு பிளக் துளைக்குள் போகும் முனையிலேயே இருக்க வேண்டும். திராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்து, முள் இனி ஏறாது என்ற வரைக்கும் இழுக்க வேண்டும். இரண்டு இழுப்பில் பார்த்து எழுதிய எண்ணுக்கு மதிப்பில்லை.

அப்புறம் எதையும் ஆர்டர் போடாமல் சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று போல்ட்தான். எக்ஸாஸ்ட் துளை வழியாக டார்ச் அடித்துக்கொண்டு கயிற்றை மெதுவாக இழுத்தால் பிஸ்டனின் பக்கச் சுவர் கண் முன்னாலேயே ஏறி இறங்கும். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள். கார்பரேட்டரையும் கழற்றி இன்டேக் பக்கமும் பாருங்கள், இரண்டு பக்கமும் முக்கியம்.

புதுக்கை

அண்ணா, பார்த்துவிட்டேன். கேஜின் வால்வு முனையில்தான் இருக்கிறது. திராட்டிலைத் திறந்து பிடித்து மறுபடி இழுத்தேன், 85 வந்தது.

எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருக்கிறது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. மேல் ரிங் ஒரு இடத்தில் பள்ளத்துக்குள்ளேயே அமுங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. குச்சியால் அழுத்தினாலும் அசையவில்லை, மற்ற இடத்தில் ரிங் லேசாக உள்ளே போய் வருகிறது. இன்டேக் பக்கம் பிஸ்டன் சுத்தமாக இருக்கிறது, கம்பெனியில் கடைந்த மெல்லிய வரிகள்கூட அப்படியே தெரிகின்றன.

கரிப்புகை

அருமை, தேவையானதைப் பார்த்துவிட்டீர்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் எக்ஸாஸ்ட் பக்கம்தான் அதிகம் சூடாகிற பக்கம். எரிந்த வாயு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. இன்டேக் பக்கத்தைப் புதுக் கலவை வந்து குளிர்விக்கும். அதனால் சூடு அளவுக்கு மீறினால் எண்ணெய்ப் படலம் முதலில் எரிந்து போவது எக்ஸாஸ்ட் பக்கம்தான். படலம் போன இடத்தில் அலுமினிய பிஸ்டன் சிலிண்டர் சுவரில் நேராக உரசும், உருகி இழுபடும், ரிங்கின் மேலும் வழிந்து அதைப் பள்ளத்தோடு சேர்த்துப் பூசிவிடும். உங்கள் ரிங் ஒட்டியிருப்பது அப்படித்தான்.

காற்று வடிகட்டி சரியில்லாமல் தூசி போயிருந்தால் தேய்மானம் இன்டேக் பக்கம் இருக்கும். கோடுகள் இப்படி ஆழமாக இருக்காது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மங்கலாக இருக்கும், கம்பெனி வரிகள் அழிந்திருக்கும். உங்களுக்கு அந்தப் பக்கம் சுத்தம். ஆகத் தூசியை வழக்கிலிருந்து நீக்கிவிடலாம். பெட்ரோலில் ஆயிலே கலக்காமல் ஓட்டியிருந்தால் பெரும்பாலும் சுற்றிலும் கீறல் விழுந்திருக்கும். ஒரே பக்கம் என்றால் கலவையில் பெட்ரோல் குறைந்து காற்று கூடிப்போய் வந்த சூடு என்பதுதான் என் கணிப்பு.

இப்போது கொடுத்தவர் சொன்ன கதையைத் திரும்பப் படியுங்கள். சத்தம் தானாக ஏறியது, திராட்டிலை விட்டும் இறங்கவில்லை, நின்றது. எங்கோ காற்று பிடித்திருக்கிறது. கார்பரேட்டர் வழியாக வராத காற்று கிராங்க் கேஸுக்குள் நுழைந்தால் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும், ஆர்பிஎம் ஏறும், சூடு ஏறும். இந்த எஞ்சினுக்கு உயவு எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது, ஆகப் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்தது.

புது பிஸ்டன் வாங்கிப் போட்டால் அதே ஓட்டை அதையும் தின்னும். பிஸ்டன் இங்கே அடி வாங்கியவன் மட்டும்தான், அடித்தவனைப் பிடிக்காமல் சாமான் வாங்காதீர்கள்.

ஈட்டிமரம்

இவ்வளவு தூரம் போக வேண்டுமா? அந்தக் காலத்துச் செயின்சாவுக்கு இந்தக் காலத்து 50:1 கலவை (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) ஊற்றியிருப்பார்கள், அதனால்தான் பிஸ்டன் கடித்திருக்கும். பழைய மெஷின் எல்லாம் 16:1, 20:1, 25:1 என்றுதான் கேட்கும். ஆயிலைக் கூட்டிப் போட்டால் தீர்ந்தது.

கரிப்புகை

அந்தக் கையேடுகள் எழுதிய காலத்தில் இருந்த ஆயில் வேறு. அன்றைக்குக் காருக்கு ஊற்றும் சாதா எஞ்சின் ஆயிலைக் கலந்து ஓட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதியது அது. இன்றைய நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலில் 16:1 போட்டால் பிளக்கும் எக்ஸாஸ்ட் துளையும் கரி அடைத்துக்கொள்ளும். இன்னொன்றும் கவனியுங்கள்: ஆயிலைக் கூட்டினால் அதே ஜெட் (கார்பரேட்டரின் சின்னத் துளை) வழியாகப் போகும் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும், அதாவது கலவை இன்னும் கொஞ்சம் லீன் பக்கம் சாயும். காற்று பிடிக்கிற எஞ்சினுக்கு ஆயிலைக் கூட்டி ஊற்றுவது வைத்தியம் ஆகாது.

புதுக்கைக்கு: ரிப்பேர் முடிந்த பிறகு 40:1 அல்லது 32:1 போடுங்கள், லிட்டருக்கு 25 மில்லி அல்லது 31 மில்லி. பழைய மெஷினுக்கு அதுவே தாராளம். 50:1 என்றால் 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. கண் மதிப்பில் ஊற்றாமல் அளவுக் குப்பியில் அளந்து ஊற்றுங்கள்.

ஈட்டிமரம்

நான் 25:1-தான் போடுவேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் லீக் பார்க்கச் சொல்வதை மறுக்கவில்லை.

சுழல்தண்டு

லீக் எப்படிப் பார்ப்பது என்று நான் எழுதுகிறேன், இதைத்தான் புதியவர்கள் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள்.

வேண்டியது பிரேக் ஆயில் மாற்றுவதற்குப் பயன்படும் கைப் பம்ப் ஒன்று. காற்றை ஏற்றவும் உறிஞ்சவும் இரண்டும் செய்கிற மாதிரி இருக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூப் ரப்பரைத் துண்டாக வெட்டி, சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் வைத்து சைலன்சரை மறுபடி இறுக்குங்கள், எக்ஸாஸ்ட் அடைபட்டது. அதே மாதிரி இன்டேக் வாயில் ஒரு துண்டு வைத்து கார்பரேட்டரை இறுக்குங்கள். இம்பல்ஸ் குழாய் (கிராங்க் கேஸின் துடிப்பைக் கார்பரேட்டருக்குக் கொண்டுபோவது) தனியாக இருந்தால் கைப் பம்பை அதில் மாட்டலாம். உங்கள் மாடலில் அது கேஸ்கட் வழியாகவே போனால் ரப்பரில் அந்தத் துளையும் மூடியிருக்கட்டும். அப்போது பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்து, கூட்டில் ஹோஸ் பொருத்தி, பிளக் துளை வழியாகக் காற்று கொடுங்கள். பிஸ்டன் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் டிரான்ஸ்ஃபர் வழிகள் திறந்து சிலிண்டரும் கிராங்க் கேஸும் ஒரே அறையாக இருக்கும்.

முதலில் 7 பிஎஸ்ஐ அழுத்தம், அதாவது அரை பார். அதற்கு மேலே ஏற்ற வேண்டாம், நல்ல சீலையே (கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் அடைப்பு) இடம் பெயர்த்துவிடும். முள் நிற்கிறதா பாருங்கள். இறங்கினால் சோப்பு நுரையை பிரஷ்ஷால் பூசிக்கொண்டே வாருங்கள்: சிலிண்டர் அடி கேஸ்கட், கிராங்க் கேஸ் இரண்டு பாதியும் சேரும் கோடு, இன்டேக் ரப்பர், இரண்டு பக்கச் சீல். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை.

அழுத்தம் நின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள். அதே அரை பார் வெற்றிடமும் வைத்துப் பாருங்கள். கிராங்க் சீலின் உதடு உள்பக்கம் பார்த்து இருக்கும். உள்ளேயிருந்து அழுத்தினால் உதடு தண்டின் மேல் இன்னும் அமுங்கும், கிழட்டுச் சீல்கூட தாக்குப்பிடிக்கும். உறிஞ்சும்போது உதடு தூக்கிக்கொள்ளும், அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

வெற்றிடம் வைத்த நிலையிலேயே ஃப்ளைவீலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டும்போது மட்டும் முள் சரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் சீலை மட்டும் மாற்றினால் புதுச் சீலையும் தண்டு ஆடி ஆடித் தின்றுவிடும்.

புதுக்கை

சுழல்தண்டு அண்ணா, நீங்கள் சொன்னபடியே நடந்தது. அழுத்தம் அசையாமல் நின்றது. வெற்றிடம் வைத்துக் கையை எடுத்ததுமே முள் சரசரவென்று பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. ஃப்ளைவீலை ஆட்டினால் வித்தியாசம் இல்லை, தண்டில் ஆட்டமும் கைக்குத் தெரியவில்லை.

எந்தப் பக்கச் சீல் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெற்றிடத்தில் நுரை வெளியே வராதே.

சுழல்தண்டு

தண்டைச் சுற்றிச் சீலின் மேல் கெட்டியான கிரீஸ் வைத்துவிட்டு மறுபடி உறிஞ்சுங்கள். எந்தப் பக்கம் கிரீஸ் வைத்ததும் முள் சரிவது மெதுவாகிறதோ அதுதான் ஆள். எப்படியும் இரண்டையும் மாற்றத்தான் போகிறீர்கள், ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது.

புதுக்கை

ஃப்ளைவீலைக் கழற்றினால் கிரீஸ் வைக்கவே தேவையில்லை போலிருக்கிறது. பின்னால் கறுப்பாக எண்ணெய் பிசுக்கு, தூள் ஒட்டிக் களிம்பாக. பாயிண்ட் பெட்டிக்குள்ளேயும் ஈரம். கிளட்ச் பக்கம் செயின் ஆயில் அழுக்கு இருக்கிறது, ஆனால் சீலைச் சுற்றி உலர்ந்திருக்கிறது.

கிளட்ச்தான் வரவில்லை. எவ்வளவு பலம் கொடுத்தும் அசையவில்லை.

கரிப்புகை

நிறுத்துங்கள்! கிளட்ச் பெரும்பாலும் இடது மரை. வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். எந்தப் பக்கம் என்று மேலேயே அம்புக்குறி இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள்.

பிஸ்டனை நிறுத்த இரும்புத் துண்டு எதையும் பிளக் துளைக்குள் விட வேண்டாம், பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். பருத்திக் கயிறு போதும். ஆனால் பிஸ்டன் மேலேறி எக்ஸாஸ்ட் துளையை முழுக்க மூடிய பிறகுதான் கயிற்றைத் திணிக்க வேண்டும். துளை திறந்திருந்தால் கயிறு அதில் சிக்கி வெட்டுப்படும், ரிங்கும் வளையும். கயிற்றின் ஒரு முனை வெளியே இருக்கட்டும்.

ஃப்ளைவீலைக் கழற்றும்போது பின்னால் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஃபின் உடைந்தால் பேலன்ஸ் போயிற்று. ஃப்ளைவீல் சாவியையும் (ஃப்ளைவீலைத் தண்டில் நகராமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு) ஒரு முறை பாருங்கள், ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் டைமிங் நகர்ந்திருக்கும்.

புதுக்கை

வலப்பக்கம் சுற்றினேன், கழன்றுவிட்டது. ஃப்ளைவீலுக்குப் புல்லர் போட்டேன். சாவி முழுசாக இருக்கிறது. சிலிண்டரையும் தூக்கிவிட்டேன்.

பிஸ்டனுக்குக் கதை முடிந்தது. ஆனால் சிலிண்டர் சுவரில் இருக்கும் கோடுகள் உள்ளே குழிந்தவையாகத் தெரியவில்லை, மேலே ஏதோ பூசிய மாதிரி மேடாக இருக்கிறது. இதைக் காப்பாற்ற முடியுமா?

நட்டுபோல்ட்டு

அது பிஸ்டனிலிருந்து போய் ஒட்டிய அலுமினியம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைப் பஞ்சுக் குச்சியால் தடவினால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். நுரை நின்றால் அலுமினியம் தீர்ந்தது என்று அர்த்தம். கழுவினால் சிலிண்டர் புதுசு.

சுழல்தண்டு

பொறுங்கள், பொறுங்கள். சிலிண்டருக்குள் என்ன பூச்சு என்று தெரியுமா? நிக்கலோடு சிலிக்கான் கார்பைடு கலந்த பூச்சு என்றால் கவனமாகச் செய்தால் அந்த ஆசிட்டைத் தாங்கும். பழைய செயின்சாக்களில் நிறைய கெட்டி குரோம் பூச்சுதான். குரோமை ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கரைக்கும். அலுமினியத்தோடு பூச்சும் சேர்ந்து போனால் சிலிண்டர் குப்பைக்குத்தான். மாடலே தெரியாத மெஷினில் கண்ணால் பார்த்து இது நிக்கல், இது குரோம் என்று சொல்ல நான் துணிய மாட்டேன்.

இரண்டு பூச்சுக்கும் பொதுவாக ஒத்துவருவது காஸ்டிக் சோடா. அலுமினியத்தைத் தின்னும், குரோமையும் நிக்கலையும் தொடாது. ஆனால் போர்ட் (சிலிண்டர் சுவரில் இருக்கும் வாயு வழி) உள்பக்கம், ஃபின், அடிப்பாகம் எல்லாம் பூச்சில்லாத வெறும் அலுமினியம், அங்கே பட்டால் அதையும் தின்னும். ஆகக் குச்சியில் பஞ்சு சுற்றி, கோட்டின் மேல் மட்டும், சொட்டு வழியாமல் தடவ வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள், கிளம்புவது ஹைட்ரஜன், பக்கத்தில் நெருப்பு கூடாது. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. கண்ணில் தெறித்தால் பார்வை போகும், இதில் விளையாட்டே வேண்டாம்.

கரிப்புகை

சுழல்தண்டு சொன்னதற்கு மேல் ஒன்று. கோடு லேசாக இருந்தால் எந்த ரசாயனமும் வேண்டாம். 220 எமரி பேப்பரை விரலில் சுற்றி, அந்த மேட்டின் மேல் மட்டும், குறுக்கும் மறுக்குமாகப் பொறுமையாகத் தேயுங்கள். அலுமினியம் மென்மையானது, வந்துவிடும். பூச்சு அதைவிடப் பல மடங்கு கடினம், கைத்தேய்ப்புக்கு எளிதில் அசையாது. சாம்பல் மேடு போய், அடியில் பூச்சு தொடர்ச்சியாகத் தெரிந்து, நகம் தட்டாமல் போனால் சிலிண்டர் பிழைத்தது. பூச்சு உரிந்து அடியில் வேறு நிறம் தெரிந்தால் மட்டும் வேறு சிலிண்டர் தேடுங்கள்.

புதுக்கை

எமரியே போதுமாக இருந்தது, ரசாயனம் பக்கம் போகவில்லை. எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு மேலே ஒரு மெல்லிய கோடு நிழலாகத் தெரிகிறது, ஆனால் நகத்துக்குத் தட்டுப்படவில்லை. பூச்சு எங்கேயும் உரியவில்லை. பிஸ்டன், ரிங், இரண்டு சீல், கேஸ்கட், கார்பரேட்டர் கிட் எல்லாம் ஆர்டர் போட்டுவிட்டேன். மாடல் தெரியாததால் சிலிண்டர் விட்டம், பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கோத்திருக்கும் குறுக்குத் தண்டு) விட்டம், அந்தப் பின்னிலிருந்து பிஸ்டன் தலை வரை உயரம் மூன்றையும் வெர்னியரில் அளந்துதான் பிஸ்டன் தேடினேன்.

பூட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

கரிப்புகை

மூன்றையும் அளந்தது நல்ல வேலை. விட்டம் மட்டும் பார்த்து வாங்கிப் பின் உயரம் ஒத்துவராமல் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

சீலில் ஆரம்பிக்கிறேன். பழையதை எடுக்கத் தண்டைக் கீறிவிடாதீர்கள், கீறினால் புதுச் சீலும் அங்கேயே காற்று பிடிக்கும். சீலின் முகத்தில் சின்னத் துளை போட்டு ஒரு தகட்டு ஸ்க்ரூவை ஏற்றி, ஸ்க்ரூவைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். புதுச் சீல் ஏறும்போது தண்டின் மரையும் சாவிப் பள்ளமும் உதட்டைக் கிழிக்கும். அதன் மேல் மெல்லிய டேப் சுற்றி, கொஞ்சம் ஆயில் தடவி ஏற்றுங்கள். ஸ்பிரிங் தெரிகிற பக்கம் உள்ளே. தட்டுவதற்குச் சரியான அளவு சாக்கெட்.

பிஸ்டனைப் போடும் முன் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். 0.2, 0.3 மிமீ என்றால் நிம்மதி. 1 மிமீ பக்கம் போனால் ரிங் தப்பு, அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது.

பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். சும்மா அழகுக்குப் போட்ட குறி இல்லை அது. ரிங் வாய்க்குள் உட்காரும் சின்ன ஊசி ஒன்று பள்ளத்தில் இருக்கிறதல்லவா, அது போர்ட் இல்லாத பக்கம் வரும்படி வைத்திருப்பார்கள். பிஸ்டனைத் திருப்பிப் போட்டால் ரிங் முனை போர்ட்டில் சிக்கி உடையும்.

பிஸ்டன் பின் லாக்கை (பின் நழுவாமல் பிடிக்கும் கம்பி வளையம்) பழையதையே போட வேண்டாம். கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிட்டுப் போடுங்கள், லாக் துள்ளி உள்ளே விழுந்தால் எஞ்சினைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆட்ட வேண்டி வரும். லாக்கின் திறந்த வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே இருக்கட்டும். பக்கவாட்டில் வைத்தால் பிஸ்டன் ஏறி இறங்கும் வேகத்தில் லாக் சுருங்கி வெளியே வரும், போட்ட சிலிண்டர் அன்றைக்கே போகும்.

சிலிண்டரை இறக்கும்போது ரிங்கை விரலால் அழுத்திக்கொண்டு நேராக இறக்குங்கள். திருகி இறக்காதீர்கள். எங்கேயாவது தடுத்தால் பலம் கொடுக்காமல் மேலே தூக்கி ரிங் வாய் ஊசியில் இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் இறுக்கும்போது குறுக்கு வரிசை. அடியில் மெக்னீசியம், வெறி வந்த மாதிரி இறுக்கினால் மரை மாவாகிவிடும்.

எல்லாம் பூட்டியதும் கார்பரேட்டர் போடும் முன் அந்த வெற்றிடச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இது முக்கியம்.

நட்டுபோல்ட்டு

கார்பரேட்டரை யாரும் கவனிக்கவில்லை, ஆகவே நான் எழுதுகிறேன். டயாஃப்ரத்தைக் கையில் பிடித்து மடக்கிப் பாருங்கள். துணி போலத் தொய்ய வேண்டும், படபடவென்று சத்தம் வந்தால் அது செத்தது. பெட்ரோல் பம்ப் பக்க மூடியைத் திறந்தால் பொத்தான் அளவு சின்ன வலை இருக்கும், பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. அதில் பச்சையாகவோ பழுப்பாகவோ பிசின் இருக்கும். மீட்டரிங் பக்கம் முதலில் கேஸ்கட், அதன் மேல் டயாஃப்ரம். பம்ப் பக்கம் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், கழற்றும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியைத் தூக்கும் சின்ன லீவரை வளைத்துவிடாதீர்கள். கிட்டில் வரும் அளவுத் தகடை வைத்து உயரம் சரிபாருங்கள்.

டாங்கிலிருந்து வரும் குழாயை மடக்கிப் பாருங்கள், விரிசல் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இம்பல்ஸ் குழாய் இருந்தால் அதையும்தான். பம்புக்குத் துடிப்பு அந்த வழியாகத்தான் வருகிறது. அது கிழிந்தால் பெட்ரோலும் ஏறாது, காற்றும் பிடிக்கும்.

புதுக்கை

பாயிண்ட் பெட்டியில் எண்ணெய் ஈரம் இருந்தது என்றேனே, அதற்கு என்ன செய்ய?

சுழல்தண்டு

மெல்லிய அரத்தால் இரண்டு முகத்தையும் லேசாகத் தடவி, அப்புறம் பெட்ரோலில் நனைத்த தடித்த காகிதத்தை நடுவில் வைத்து இழுங்கள், கறை வராத வரைக்கும். முழுக்கத் திறந்த நிலையில் இடைவெளி 0.4 மிமீ. காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவில் 0.3 மிமீ, விசிட்டிங் கார்டு ஒன்றை நடுவில் வைத்து இறுக்கினால் போதும். உங்களுக்குப் பொறி ஏற்கெனவே வருகிறது, கண்டன்சரைத் தொடாதீர்கள்.

மரநிழல்

குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். ஸ்டார்ட் செய்யும் முதல் தடவை பாரையும் (செயின் ஓடும் நீளத் தகடு) செயினையும் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். கிளட்ச் டிரம் தளர்வாக நிற்கும் மாடல் என்றால் அதையும் கழற்றிவிடுங்கள். புதிதாகப் பூட்டிய எஞ்சின் திராட்டிலுக்குக் கட்டுப்படுமா என்று தெரியாத நேரத்தில் செயின் சுற்றக் கூடாது.

செயின் பிரேக் இல்லாத செயின்சாவில் பாரின் மேல் முனைக் கால்பகுதி மரத்தில் பட்டால் பார் முகத்தை நோக்கி எகிறும். நிறுத்த ஒன்றும் இல்லை. தரையில் கிடக்கும் கட்டையை அறுப்பதோடு வைத்துக்கொள்ளுங்கள், முனையால் குத்தி அறுப்பதும் தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும் வேண்டாம்.

புதுக்கை

சரி அக்கா, பாரைக் கழற்றிவிட்டுத்தான் செய்தேன்.

ஓடுகிறது! வெற்றிடம் இப்போது நிற்கிறது, கம்ப்ரஷன் 135. முதலில் ஒரே புகை, அசெம்பிளி ஆயில் எரிந்து முடிந்ததும் தெளிந்தது. ஐட்லிங்கில் நிற்கிறது, ஆனால் திராட்டிலைக் கொடுத்தால் ஒரு கணம் திக்கிவிட்டுத்தான் எடுக்கிறது. கார்பரேட்டரில் எல் (குறைந்த வேகம்), எச் (அதிக வேகம்) இரண்டு திருகும் ஒரு சுற்றுத் திறந்திருக்கிறது.

கரிப்புகை

வாழ்த்துகள். ரிங் பதியப் பதிய 135 இன்னும் ஏறும்.

திக்குவது எல் திருகு கொஞ்சம் லீன். எட்டில் ஒரு சுற்று இடப்பக்கம் திறங்கள், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு. திராட்டிலை விட்டதும் சத்தம் உடனே இறங்க வேண்டும். இறங்காமல் தொங்கினால் மறுபடி காற்று பிடிக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

எச் திருகைக் காதால் வையுங்கள், ஆனால் பாரும் செயினும் பூட்டிய பிறகுதான். சுமை இல்லாமல் முழுத் திராட்டிலில் சில விநாடிகள் மட்டும் வைத்துக் கேளுங்கள். சத்தம் சுத்தமாகக் கிறீச்சிட்டால் லீன், உடனே திருகைத் திறங்கள். கொரகொரவென்று கலங்கிய சத்தம் வர வேண்டும். மரத்தில் இறக்கியதும் அந்தக் கொரகொரப்பு மறைந்து இழுவை தெளிய வேண்டும். புதுச் செயின்சா 13,000 ஆர்பிஎம் போகிறது என்று பார்த்து இதையும் அங்கே ஏற்றப் பார்க்காதீர்கள், இது அந்த வேகத்துக்குச் செய்த எஞ்சின் இல்லை. முதல் சில டாங்க் வரை எச் திருகு கொஞ்சம் ரிச்சாகவே (பெட்ரோல் கூடுதலாக) இருக்கட்டும்.

புதுக்கை

கட்டை அறுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன கொரகொரப்பு மரத்தில் இறங்கியதும் மறைகிறது. ஆனால் கால் டாங்க் ஓடியதும் பெட்ரோல் தீர்ந்த மாதிரி நின்றுவிடுகிறது. கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. சூட்டில் காயில் போகிறதோ?

நட்டுபோல்ட்டு

நின்றதும் டாங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிறதா?

புதுக்கை

போகிறது! திறந்து மூடியதும் ஒரே இழுப்பில் ஸ்டார்ட்.

நட்டுபோல்ட்டு

டாங்க் வெண்ட் அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாமல் வெற்றிடம் பிடிக்கிறது, பம்ப்பால் உறிஞ்ச முடியவில்லை. இதுவும் லீன்தான், இப்படியே ஓட்டிப் புது பிஸ்டனைக் கடிக்க வைத்துவிடாதீர்கள். மூடியிலோ டாங்க் மேலேயோ சின்ன வால்வு இருக்கும், பெட்ரோலில் ஊற வைத்து ஊதுங்கள். உள்ளே போகும் காற்றுக்கு வழிவிட வேண்டும், பெட்ரோல் வெளியே வரக் கூடாது. சரியாகவில்லை என்றால் புது வால்வு.

புதுக்கை

ஊதியும் திறக்கவில்லை, புது வால்வு போட்டேன். முழு டாங்கும் நிற்காமல் ஓடியது. கம்ப்ரஷன் இப்போது 148. பிளக் முனை காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கிறது, சைலன்சரைக் கழற்றிப் பார்த்தேன், பிஸ்டனில் ஒரு கோடு இல்லை. எல்லாருக்கும் நன்றி.

தேக்குத்தூள்

இழையை முழுக்கப் படித்தேன். என் பிரஷ் கட்டரும் தானாக ரேஸ் ஆகி நின்றது, கம்ப்ரஷன் 95. நானும் பிஸ்டன் ஆர்டர் போட்டுவிடலாமா?

கரிப்புகை

சைலன்சரைக் கழற்றிப் போட்டோ எடுத்துப் புது இழை திறங்கள்.